காட்டு பங்களாவும் கடைசித் தாளும்

புதிதாகப் பத்திரம் எழுத வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வாழ்த்தி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது வராது. போன மாதம் ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் போயிருந்தேன். உங்களில் ஒருவர் காலையில் உட்கார்ந்து, பகல் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் ஐந்து கிரயப் பத்திரம் தட்டி முடித்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

"அந்த அஞ்சு நெலத்துல ஒண்ணையாவது கண்ணால பாத்தீரா?" என்று கேட்டேன்.

"அதான் மூலப்பத்திரம் இருக்கே சார்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் மட்டும் வந்த ஆத்திரம் அல்ல. அதே பதிலை நானும் ஒரு காலத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்தப் பதிலால் ஒரு ஊரின் குடிதண்ணீரையே பிடுங்கிக் கொடுத்திருப்பேன். கொடுக்கவில்லை. எப்படிக் கொடுக்காமல் போனேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பத்திரம் எப்படி எழுதுவது என்று இதில் ஒரு வரிகூட இருக்காது. அது உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

சமஸ்தானம் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டையில் பெரிய உத்தியோகம் பார்த்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக மதராசுக்கும் பெங்களூருக்கும் குடிபோய்க்கொண்டிருந்தன. அவர்கள் விட்டுப்போன வீடுகள் விலைக்கு வந்தன. டவுனுக்குள் இருந்த வீடுகளை வாங்க ஆள் இருந்தது. வெளியே தோட்டமும் துரவுமாக இருந்த பெரிய பங்களாக்களைப் பார்க்க மட்டும்தான் ஆள் வந்தார்கள், வாங்க வரவில்லை.

திருவரங்குளம் போகும் வழியில் ஒதுங்கி நின்ற ஒரு பங்களா அப்படி விலைக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் அதற்குக் காட்டு பங்களா என்று பெயர். சமஸ்தானத்தில் வேலை பார்த்த ஒருவர் கட்டியது. பர்மா தேக்குத் தூண்கள், மச்சு, நாலு பக்கமும் வராந்தா, குதிரை லாயம். பின்னால் அறுபது எழுபது மாமரங்கள், நெல்லி, நார்த்தை, பூச்செடிகள். இரண்டு இறவைக் கிணறுகள். மதிலுக்கு உள்ளேயே செம்பாறாங்கல் படி கட்டிய ஊருணி ஒன்று. எல்லாம் சேர்த்து இருபது ஏக்கருக்கு மேல்.

கட்டியவர் காலமாகிவிட்டார். பாகப்பிரிவினையில் சொத்து மூத்த மகனுக்கு வந்தது. மகன் மதராசில் டாக்டர். வருஷத்துக்கு ஒரு தடவை மாம்பழம் வாங்கிப்போக வருவார், அவ்வளவுதான். வாங்க முன்வந்தவர் சொக்கலிங்கம் என்பவர். சின்ன வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி, மளிகைக் கடையில் மூட்டை தூக்கி, பிறகு அந்தக் கடையையே வாங்கி, ஐம்பது வயதில் ஊர் திரும்பியவர். குரல் கனமாக இருக்கும். ஒன்றைச் சொன்னால் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்.

பத்திரம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அதுவரை நான் எழுதியதெல்லாம் காணி நிலமும் கூரை வீடும்தான். இது ஒன்று போதும், அப்புறம் பெரிய இடத்து வேலையெல்லாம் தானாக என் மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பேனாவுக்குப் புது முள் வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நிலத்தைப் போய்ப் பார்க்காதவன் பேனா முள்ளைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பிள்ளைகள் டவுனில் இருக்கிறார்கள். முத்து முத்தான கையெழுத்து. அவர் எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம் இதுதான்: "மூலப்பத்திரத்துல இருக்கறத அப்படியே எழுது. ஒரு வார்த்த கூட்டினாலும் வம்பு, கொறச்சாலும் வம்பு." காட்டு பங்களாவின் மூலப்பத்திரமே அவர் எழுதியதுதான். டாக்டருக்கும் அவர் தம்பிக்கும் ஆன பாகப்பிரிவினை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே எழுதினேன். கிழக்கே இன்னது, மேற்கே இன்னது, மதில், மரம் மட்டை, கிணறு, ஊருணி, எல்லாம் உள்பட. கடைசித் தாளுக்கு வந்ததும் கை தானாக ஓடியது. மேற்படி சொத்தில் வேறு யாருக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை. பின்னிட்டு யாராவது பாத்தியம் கோரினால் என் சொந்தப் பொறுப்பிலும் என் இதர சொத்துக்களின் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுக்கக் கடவேன். நீங்களும் இதைத்தான் எழுதுகிறீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். சொல்லும்போது என்ன சொல்கிறீர்கள் என்று தெரியாமல் சொல்வீர்கள்.

புதன்கிழமை எழுதி முடித்தேன். வெள்ளிக்கிழமை பதிவு. வியாழக்கிழமை காலையில் சொக்கலிங்கம் என்னைக் கூட்டிப்போகக் கார் கொண்டுவந்தார். வீட்டோடு சேரும் பீரோ, ஊஞ்சல், விளக்குகளுக்கு ஒரு பட்டியல் எடுக்க வேண்டும் என்றார். அப்படித்தான் நான் அந்தப் பங்களாவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். எழுதி முடித்த பிறகு.

பட்டியல் எடுத்துவிட்டுத் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். தோட்டக்காரன் கருப்பையா முன்னால் நடந்தான். அவனுக்கு முப்பது வயதிருக்கும். மதிலுக்கு அப்பால் இருக்கும் சின்னப் பட்டியைச் சேர்ந்தவன். மாமரங்களைத் தாண்டினால் ஊருணி. அங்கே பதினைந்து இருபது பெண்கள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். படியில் குந்தி, தண்ணீருக்குள் கால் படாமல், கைச்சட்டியால் மொண்டு, குடத்து வாயில் துணி கட்டி ஊற்றினார்கள். ஒரு கிழவி புதுக் குடத்தின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கலங்கல் அடங்குவதற்கு. பின் மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு திறந்து கிடந்தது. அந்த வழியாக ஒருத்தி போனால் ஒருத்தி வந்தாள்.

சொக்கலிங்கம் நின்றுவிட்டார்.

"இது யாரு, இத்தன பேரு?"

"எங்க ஊரு சனங்கதான்யா" என்றான் கருப்பையா. "எங்க பக்கம் எங்க தோண்டினாலும் உப்புத் தண்ணிதான். இதுதான் குடிக்கறதுக்கு."

"தெனமுமா?"

"ரெண்டு வேளையும்யா."

சொக்கலிங்கம் என் பக்கம் திரும்பினார். "மொத வேலையா அந்தக் கதவ அடச்சுப் பூசணும். ஊருணிக் கரையில தண்ணி எறைக்க எஞ்சின் வைக்கப் போறேன். தென்னையும் வாழையும் வச்சா இந்த மண்ணு தாங்கும். ஆயிலெஞ்சினுக்குச் சொல்லிட்டேன், திருச்சியில இருந்து வருது."

நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய கிரயம், பெரிய மனிதர், என் புதுப் பேனா முள். இது போதாதா ஒரு மனிதன் வாயை மூட?

அப்போது ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கருப்பையாவின் அக்கா, அடைக்கி என்று பெயர். நாற்பது வயதிருக்கும், கல்லுடைக்கப் போகிறவள். தம்பியைப் பார்த்து, "இவுகதான் பத்திரம் எழுதறவுகளா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

"ஏங்கய்யா, வீட்ட எழுதினீங்க, மரத்த எழுதினீங்க, கெணத்த எழுதினீங்க. எங்க கொடத்துக்கு எதுனா எழுதியிருக்கீங்களா?"

"எல்லாம் எழுதியிருக்கும்மா. நீ போ" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எழுதியிருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டிப் போய்விட்டாள்.

எழுதியிருந்தேன் என்பது உண்மைதான். யாருக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை என்று எழுதியிருந்தேன்.

மேசைக்குத் திரும்பி வந்து அந்தக் கடைசித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தடவையாக அதைப் படித்தேன். எழுதுவது வேறு, படிப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

என்னால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். ஒரு வழி இருந்தது. உங்களில் சில கெட்டிக்காரர்களுக்கு அது உடனே தோன்றியிருக்கும். யாருக்கும் சொல்லாமல், நடுத்தாள் ஒன்றில் ஊராருக்குத் தண்ணீர்ப் பாத்தியம் உண்டு என்று ஒரு வரி நுழைத்துவிடுவது. டாக்டர் படிக்க மாட்டார். சொக்கலிங்கமும் படிக்க மாட்டார். பதிவாகிவிட்டால் ஆகிவிட்டதுதான். நல்ல காரியம்தானே என்று மனசு சொன்னது. நான் செய்யவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனை நல்லதற்கு ஏமாற்றினாலும் ஏமாற்றுதான். ஒரு தடவை அது ருசித்துவிட்டால் அப்புறம் அந்தக் கை நிற்காது. அப்படி நிற்காத கைகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன், ஒன்று ஜெயிலில் முடிந்தது.

அப்படியானால் இரண்டு பேருக்கும் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். பதிவு நடக்காமல் போகலாம். டவுனில் எனக்கு அதற்குப் பிறகு வேலை கிடைக்காமல் போகலாம். போகட்டும் என்று முடிவு செய்தேன். தைரியத்தால் அல்ல. அடைக்கி என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால்தான்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கையெழுத்து ஆகிவிட வேண்டும் என்று சொக்கலிங்கம் ஒன்பதரைக்கே வந்து நின்றார். டாக்டர் வந்தார், பகல் வண்டிக்குத் திருச்சி போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் சொக்கலிங்கத்தின் மைத்துனர். இன்னொரு சாட்சி கருப்பையா. சொத்து தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்று டாக்டர்தான் அவனை வரச் சொல்லியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவன், பெருவிரல் ரேகை வைக்க வேண்டும்.

ஆபீஸ் முற்றத்து மரத்தடியில் என் மேசை. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "எங்கே கையெழுத்து?" என்றார். கருப்பையா யாரும் சொல்லாமலே கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்து எடுத்துவிட்டான். நீல விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "கடைசித் தாளப் படிச்சுக் காட்டறேன்."

"அதெல்லாம் வேண்டாங்க. நேரமாகுது" என்றார் டாக்டர்.

"படிச்சுத்தான் காட்டுவேன்."

படித்தேன். சத்தமாகப் படித்தேன். யாருக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை என்ற இடம் வந்ததும் கருப்பையா விரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான்.

"என்னடா?" என்றார் டாக்டர்.

"ஐயா, ஊருணியும் அதுல சேத்தியாங்க?"

"எல்லாம் சேர்த்திதான். வை."

"அப்ப நான் வைக்கலீங்க."

"டேய், நீ சாட்சி மட்டும்தான். நான் கையெழுத்துப் போடறதைப் பார்த்தேன்னு வைக்கறே. உனக்கு என்ன வந்தது?"

"எனக்கு ஒண்ணும் வராதுங்கய்யா. எங்கக்கா வரும். இந்த வெரல வச்சுட்டுப் போனா அது என்னைய ஊருக்குள்ள விடாதுங்க."

சொக்கலிங்கம் என்னை முறைத்தார். "இது என்னய்யா கூத்து? நீர் எதுக்கு இப்பப் போயி படிச்சீர்?"

"நான் எழுதினது பொய்ங்க. அதான் படிச்சேன்" என்றேன். "நேத்து நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். ஒரு ஊரே ரெண்டு வேளையும் தண்ணி எடுக்குது. யாருக்கும் பாத்தியம் இல்லைன்னு நான் எழுதியிருக்கேன். கடைசித் தாள மாத்தி எழுதணும். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கங்க. என் கையெழுத்து இதுல இருக்காது."

டாக்டருக்குக் கோபம் வந்தது. "உங்க வேலை சொன்னதை எழுதறது. நியாயம் பேசறது இல்லை."

"சரிங்க. சொன்னத எழுதினேன். அடுத்த வரி என்னன்னு கேளுங்க." அதையும் படித்தேன். பின்னிட்டு யாராவது பாத்தியம் கோரினால் என் சொந்தப் பொறுப்பிலும் என் இதர சொத்துக்களின் பொறுப்பிலும்.

"இதர சொத்துன்னா?" என்றார்.

"உங்க மதராஸ் வீடுங்க. நாளைக்கு இவரு கதவ அடைப்பாரு. ஊர்க்காரங்க கோர்ட்டுக்குப் போவாங்க. அம்பது வருசமா எடுத்த தண்ணின்னு சொல்ல அம்பது கெழடுங்க வந்து நிக்கும். அவங்க பக்கம் தீர்ப்பானா, இவரு இந்தத் தாளத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டு வாசலுக்கு வருவாரு. யாருக்கும் பாத்தியம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. நான் இல்ல."

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு அவர் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"அப்பா மதில் எடுத்தப்ப நான் சின்னப் பையன். ஊருணி அப்ப வெளியேதான் இருந்தது. ஊர்க்காரங்க கம்போட வந்துட்டாங்க. ஒரு கதவு விடறேன், என்னைக்கும் அடைக்க மாட்டேன்னு அப்பா சொன்ன பிறகுதான் போனாங்க. எழுதிக் கொடுக்கலை. வாயால சொன்னதுதான்." சொக்கலிங்கத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா விலை படியாதுன்னு விட்டுட்டேன்."

"நல்லா இருக்குதுங்க ஒங்க ஞாயம்" என்றார் சொக்கலிங்கம். "அப்ப எனக்கு வேணாம். ஊரே வந்துபோற சத்திரத்த வாங்கி நான் என்ன பண்ண?" மைத்துனரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டு காருக்கு நடந்தார்.

என் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. சட்டத்தால் டாக்டரைப் பயமுறுத்தலாம், வாங்க வேண்டாம் என்று எழுந்து போகிறவரை எந்தச் சட்டம் பயமுறுத்தும்?

கருப்பையாதான் பேசினான். நின்ற இடத்திலிருந்தே, நீல விரலை மறுபடி முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஐயா, கதவ அடைக்கறதுன்னா அடைங்க. நாங்க வரத்த அடச்சுருவோம்."

சொக்கலிங்கம் திரும்பினார். "என்னது?"

"ஊருணிக்குத் தண்ணி எங்கிட்டிருந்து வருதுன்னு நெனச்சீங்க? மழத் தண்ணி எங்க ஊரச் சுத்தித்தான் ஓடி வருது. வரத்துக்கால் முச்சூடும் எங்க பட்டா நெலத்துலதான் கெடக்கு. வருசா வருசம் மழைக்கு முன்னால வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வெட்டி விடறோம். நாங்க ஒரு வருசம் மம்பட்டியத் தொடலைன்னா ஊருணிக்குப் பொட்டுத் தண்ணி வராது."

"வராட்டிப் போகட்டும். ரெண்டு கெணறு இருக்குல்ல?"

கருப்பையா சிரித்துவிட்டான். அவன் எஜமான் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அந்தக் கெணத்துக்கு ஊத்தே ஊருணிதாங்கய்யா. ஊருணி காஞ்ச வருசம் ரெண்டு கெணத்துலயும் தவளதான் கெடந்துச்சு. மாமரம் பூராவும் எல கொட்டிருச்சு. நீங்க எஞ்சின வச்சு எறச்சாலும் அதேதான். எங்கக்கா கோவத்துல வரத்த வெட்டி அங்கிட்டு கம்மாய்ப் பக்கம் திருப்பிவிட்டாலும் அதேதான்."

சொக்கலிங்கம் காரின் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று எழுந்தாரே தவிர, தோட்டத்தின் மேல் வைத்த ஆசை அவரை விடவில்லை. வியாபாரி யோசிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது. தென்னை, வாழை, எஞ்சின், அறுபது மாமரம், இருபது ஏக்கர் எல்லாம் அந்த வரத்துக்கால் வழியாக ஓடிப்போய்க்கொண்டிருந்தன.

"நீங்க என்னங்க டாக்டர்" என்று திடீரென்று கத்தினார். "இத மொதல்ல சொல்ல வேணாமா? கதவு விசயம் போனாப் போகுது. இந்த வரத்து விசயத்த சொல்லலையே! நாளைக்கு இவனுங்க ஊர்ல நாலு பேரு கோவிச்சுக்கிட்டு மம்பட்டிய எடுத்தா என் தோட்டம் கூண்டோட போச்சே!"

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார் டாக்டர். அந்தத் தோட்டத்து மாம்பழத்தை நாற்பது வருஷம் தின்றவர்.

சொக்கலிங்கம் மேசைக்குத் திரும்பி வந்து என் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதும்" என்றார். "ரெண்டு பக்கத்தையும் தாள்ல கட்டினாத்தான் இந்தத் தோட்டம் நிக்கும். கதவு தெறந்து இருக்கும். ஊரு சனம் என்னைக்கும் குடிதண்ணி எடுக்கலாம். ஊருணியில நான் எஞ்சின் வைக்க மாட்டேன். ஆனா வரத்த அவங்க வருசா வருசம் வெட்டி விடணும், திருப்பக் கூடாது. அதையும் எழுதும். ஊர்க்காரன் ஒருத்தன் ஒத்துக்கிட்டு ரேகை வைக்கணும். இவன் சாட்சியா வேணாம். ஊருக்காக வைக்கட்டும்."

"நான் ஒருத்தன் வச்சா ஊரு ஏத்துக்காதுங்க" என்றான் கருப்பையா. "பெரியவுக நாலு பேரக் கூட்டிட்டு வாரேன்."

"பத்து நிமிசத்துல ராகுகாலம். அதுக்குள்ள எங்க போயி கூட்டிட்டு வருவ?" என்றார் டாக்டர்.

"ராகுகாலம் போயி பன்னெண்டுக்கு நல்ல நேரம் வரும்" என்றார் சொக்கலிங்கம். "ஒங்க வண்டி போனா நான் கார்ல கொண்டுபோய் விடறேன். டேய், ஏறு. டிரைவர்கிட்ட வழி சொல்லு. சீட்டுல வெரலத் தொடச்சுராத."

நான் புதிதாக ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். மூலப்பத்திரம் பக்கத்தில் இல்லை, எடுத்து மூட்டையில் வைத்துவிட்டேன். பார்த்து எழுத ஒன்றும் இல்லாமல் நான் எழுதிய முதல் தாள் அது. கதவு எந்தத் திசையில் இருக்கிறது, எத்தனை அடி அகலம், ஊருணிக்கு எந்தப் பாதையாகப் போகிறார்கள், எந்தெந்த நிலத்தின் வழியாக வரத்து வருகிறது. நேற்று பட்டியல் எடுக்கப் போனபோது கண்ணால் பார்த்ததால்தான் பாதி எழுத முடிந்தது. மீதியை டாக்டரிடமும், காரில் வந்திறங்கிய நாலு பெரியவர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். அவர்களில் ஒருவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. "பத்திரத்துல ஏழபாழைக்கு எழுதுவாங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் படித்துக் காட்டினேன். எனக்கு அலுக்கவில்லை.

பன்னிரண்டு அடித்த பிறகு டாக்டர் கையெழுத்துப் போட்டார், சொக்கலிங்கம் போட்டார். நாலு பெரியவர்கள் ஊருக்காக வரிசையாகப் பெருவிரல் வைத்தார்கள். மைத்துனர் சாட்சி போட, கருப்பையாவும் இப்போது மறுக்காமல் சாட்சி ரேகை வைத்தான். பதிவாளர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத யாரு எழுதினது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். அன்றைக்கு அப்படிச் சொன்னபோது எனக்குள் வந்த திமிர் இன்னும் போகவில்லை. போக வேண்டாம்.

என்னைப் பற்றிக் கெட்ட பேர் பரவும் என்று பயந்தேன் அல்லவா? நடந்தது வேறு. அந்த ஆள் கண்ணில் பட்டதை எல்லாம் எழுதுவான், அவன் எழுதினால் பின்னால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று சொக்கலிங்கமே கடைக்குக் கடை சொன்னார். பெரிய இடத்து வேலை வந்தது. அதற்கு மேல், எழுதுவதற்கு முன்னால் நிலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நான் கேட்டால் யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் நார்த்தாமலைப் பக்கம் பாறையிலும் முள்ளிலும் நடந்து கால் கிழிந்திருக்கிறது. நடக்காமல் ஒரு பத்திரமும் எழுதவில்லை.

பதிவு ஆன மறுவாரம் சொக்கலிங்கம் பங்களாவில் பால் காய்ச்சிக் குடிபோனார். என்னையும் அழைத்திருந்தார். பின் தோட்டத்தில் சத்தம் கேட்டுப் போனேன். தச்சர் ஒருவரைக் கொண்டுவந்து, அந்தச் சின்னக் கதவைக் கீலோடு கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார் சொக்கலிங்கம். அடைக்கப்போகிறாரோ என்று ஓட்டமாக அவரிடம் போனேன்.

"என்னங்க இது?"

"தெறந்தே இருக்கணும்னுதானே எழுதினீர்? அப்புறம் கதவு எதுக்கு? தூக்கிட்டாச் சண்டையே இல்ல பாரும்" என்றார். பெருந்தன்மை காட்டும் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

படியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த அடைக்கி எழுந்து வந்தாள்.

"நல்லாத் தூக்கினீங்க போங்க. எங்கூரு ஆடும் மாடும் உள்ள வந்து வாய வச்சுச்சுன்னா அந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா? மாட்டுங்கய்யா கதவ."

சொக்கலிங்கம் திகைத்து நின்றார். மலாயாவில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

"மாட்டறேன் ஆத்தா. மாட்டறேன்" என்றார்.

"மாட்டறதுதான் மாட்டறீங்க" என்றாள் அவள், "தாழ்ப்பாள மட்டும் அங்கிட்டு வைங்க. எங்க பக்கம்."

தச்சர் சொக்கலிங்கத்தைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, இந்தத் தடவை பயத்தால் அல்ல. சொக்கலிங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "வைங்கய்யா, அங்கிட்டே வைங்க" என்றார். தச்சர் உள்பக்கத்துத் தாழ்ப்பாளைப் பிடுங்கி வெளிப்பக்கம் அறைந்தார். அடைக்கி குடத்தோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. இருபது ஏக்கர் வாங்கியவரும் அதற்குப் பத்திரம் எழுதியவனும் உள்ளே நின்றோம்.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று நான் பத்திரத்தில் எழுதவில்லை. எத்தனை வருஷம் மேசையில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.